மேஜைக்குக் கீழே இருந்த கை

அன்று காலை ஊராட்சி அலுவலகத்தின் நீளமான அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: தலைவர், தலைவரின் அண்ணன், சிமெண்டுக் கடைக்காரர், மாவு மில்காரர், ஊரார் ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோக்காரர், ஓய்வு பெற்ற நர்ஸம்மா, தையல்காரர், பால் பண்ணைக்காரர். இந்த எட்டுப் பேரும் உறுப்பினர்கள். இவர்களைத் தவிர, கூட்டத்தை நடத்தித்தர மண்டல அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா, சுவரோரம் எழுத்தர். வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு. ஜன்னலுக்கு வெளியே அன்று குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் இருந்தது. அதற்குள் நின்றுகொண்டு எந்த மனிதனாலும் உள்ளே எட்டிப் பார்த்திருக்க முடியாது.

தலைவரின் அண்ணனை ஊரில் எல்லாரும் பெரியவர் என்றே அழைத்தார்கள். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில், வரப்பு அரை அடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்தப் பக்கத்துக்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சட்டை கசங்கி யாரும் பார்த்ததில்லை. நாற்காலியின் முதுகில் சாய்ந்தும் யாரும் பார்த்ததில்லை. மனைவி போன பிறகு சாப்பாடு தம்பி வீட்டில்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு கதவு. அதன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட இரண்டு வீட்டாருக்கும் மறந்துபோயிருந்தது.

தம்பி அப்படியே நேர்மாறு. மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்போதும் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் எட்டிப் பார்க்கும். “தலைவர்னா ஒரு லட்சணம் வேண்டாமா?” என்று பெரியவர் கேட்டால், “ஓடுற மோட்டாருக்கு லட்சணம் என்னத்துக்குண்ணே, தண்ணி வந்தா போதாதா?” என்பார்.

அந்த ஊராட்சியின் முதல் தலைவர் இவர்கள் அப்பா. அவர் தலைவராக இருந்தபோது அவருடைய பங்காளி ஒருவரும் உறுப்பினராக இருந்தார். ஒருமுறை அப்பாவை இறக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. இறக்க விரும்புகிறவர்கள் கை தூக்கவேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. பங்காளி தூக்கவில்லை. ஆனால் தீர்மானத்தை எதிர்த்தும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் முழுக்க இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நம்ம வீட்டு விஷயம் மேஜைக்கு வந்தா நம்ம வீட்டுக் கை மேஜைக்கு மேல வரக்கூடாது” என்று அன்று அப்பா சொன்னதை, கதவோரம் நின்று கேட்டவர் பெரியவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் உறுப்பினராக வந்தார்களோ அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்தார்கள். மைத்துனனுக்குக் கடை ஒதுக்கும்போதும் சரி, சொந்தத் தெருவுக்கு விளக்குப் போடும்போதும் சரி. இந்த ஊரில் வேறு எந்த வீட்டைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் சிமெண்டுக் கடைக்காரர் காய் நகர்த்தினார்.

விவகாரம் தண்ணீர்க் குழாய். தொட்டியிலிருந்து குழாய் பதிக்கும் வேலையைக் கடைசித் தெருவிலிருந்து ஆரம்பித்தார் தலைவர். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற தெருவுக்கு முதலில் கொடுத்தால் அவர்களே இழுத்துக்கொள்வார்கள், கடைசித் தெருவுக்குக் காற்றுதான் வரும் என்பது மோட்டார் மெக்கானிக்கின் கணக்கு. கடைவீதிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதோடு, குழாய் போகும் பாதையில் ஒரு துண்டு பெரியவரின் மனை ஓரமாகப் போனது. அந்தத் துண்டை அவரே அளந்து, அவரே ஊராட்சிக்கு விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தது ஒருவர் வாயிலும் வரவில்லை. அண்ணன் வீட்டு ஓரமாகத் தம்பி குழாய் கொண்டுபோகிறார் என்பது மட்டும் எல்லார் வாயிலும் வந்தது.

ஒரு கூட்டத்தில் சிமெண்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னார்: “தலைவருக்கு என்னங்க கவலை. நாம எவ்வளவு கத்தினாலும் பக்கத்துலயே அண்ணன் கை ஒண்ணு தயாரா இருக்கு. வீட்டுச் சோத்துக் கை.”

ரேடியோ சத்தமாகச் சிரித்தார். பெரியவர் எழுந்தார். அவர் எழுந்தால் அறை அடங்கிவிடும்.

“இந்தப் பேச்சை இன்னொரு தரம் பேசாதீங்க. எங்க அப்பா காலத்துலேருந்து எங்க வீட்டுக் கை எங்க வீட்டுக்காக இந்த மேஜைக்கு மேல வந்ததில்லை. என் உசிரு உள்ளவரைக்கும் வராது. எல்லாரும் கேட்டுக்குங்க.”

“கேட்டுக்கிட்டோம் பெரியவரே” என்றார் சிமெண்டுக்காரர், மிகவும் மரியாதையாக. “எல்லாருமே கேட்டுக்கிட்டோம்.”

தலைவர் குனிந்து ஸ்குரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

அடுத்த வாரம், தலைவர் மீது நம்பிக்கை உண்டா இல்லையா என்று உறுப்பினர்களைக் கேட்க வேண்டும் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டு மண்டல அலுவலகத்துக்கு மனு போனது. சிமெண்டு, மாவு மில், ரேடியோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் மகள் வந்திருந்தாள். தலைநகரில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு நாட்டின் அரசியல் சாசனமும் கிராமத்துக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாட்டுக்குப் புதிய அரசியல் சாசனம் எழுதியபோது ஊராட்சி பற்றிய அத்தியாயத்துக்கு யோசனை சொன்ன குழுவில் அவளும் ஒருத்தி. அந்தக் குழு கொடுத்த அறிக்கையின் பின்னட்டைக்கு முந்தைய பக்கத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. பெரியவர் அதைப் பற்றி யாரிடமும் பெருமை பேசியதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரும் இடத்தில் கைக்கெட்டும்படி அந்த அறிக்கை கிடக்கும்.

தாயில்லாத பிள்ளையாக அவள் வளர்ந்தது சித்தியின் சமையலறையில். அவளுக்குச் செல்லப் பெயர் வைத்ததும் சித்தப்பாதான்.

“வா சாசனம்! எந்த நாட்டைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டு வர்றே இந்தத் தரம்?”

“மேயலை சித்தப்பா. ரிப்பேர் பாக்கறேன், உங்களை மாதிரி.”

சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர். சித்தி பரிமாறிக்கொண்டே உட்கார்ந்தும் எழுந்தும் இருந்தாள். பெரியவர் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறவர் இல்லை. தம்பிதான் கேள்வி மேல் கேள்வி கேட்டார். உலகத்தில் உள்ள ஊராட்சிகளை எல்லாம் அந்தப் பெண்ணிடமிருந்தே அவர் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு மலைநாட்டில் சில ஊர்களில் வருஷத்துக்கு ஒரு தடவை ஜனங்கள் எல்லாரும் சதுக்கத்தில் கூடி வெட்டவெளியில் கை தூக்குவார்களாம்; யார் பக்கம் அதிகம் என்று தலைமை தாங்குகிறவர் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுவாராம். இன்னொரு நாட்டில் கிராமப் பஞ்சாயத்து என்பது நாற்பது வருஷம் சாசனத்தில் வெறும் அறிவுரையாக ஒரே ஒரு வரியில் கிடந்ததாம். பிறகுதான் அதற்கென்று தனிப் பகுதியே சேர்த்தார்களாம். சாசனத்தில் கிராமத்தின் பெயரே இல்லாத நாடுகளும் உண்டாம். அங்கெல்லாம் மேலே இருக்கிறவர்கள் ஒரு சட்டம் போட்டால் கீழே இருக்கிற சபை இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

“அப்ப நம்ம சாசனத்துல நீ என்ன மாட்டிவிட்டே? அதைச் சொல்லு” என்றார் தம்பி.

அவள் தட்டை ஓரமாகத் தள்ளினாள். “ரெண்டு விஷயம் எழுதினேன் சித்தப்பா. ஒண்ணு, தலைவரை இறக்குற விதி. பல நாட்டுல ‘இறக்கணும்னு யாரு நினைக்கிறீங்க’ன்னு கேக்கறாங்க. அதுல என்ன ஆகுதுன்னா, பேசாம இருக்கிறவங்க எல்லாம் தலைவர் பக்கம் கணக்காயிடறாங்க. சும்மா இருக்கிறவங்க தயவுல ஒருத்தர் நாற்காலியில இருக்கலாமா? அதனால கேள்வியையே திருப்பிப் போட்டோம். ‘நம்பிக்கை இருக்கிறவங்க கை தூக்குங்க’ன்னு கேக்கணும். பாதிக்கு மேல கை வரணும். வரலைன்னா—”

“சாப்பிடற இடத்துல என்ன பாடம்?” என்றார் பெரியவர்.

“இல்லப்பா, உங்களுக்குத்தான் சொல்றேன். இந்த வாரம் உங்க கூட்டத்துல இந்த விதிதான்—”

“சபையில எப்படி உக்காரணும்னு பெத்த பொண்ணு எனக்குச் சொல்லித்தர்ற அளவுக்கு நான் இன்னும் தளர்ந்து போகலை. நீ ஊரு ஊரா சாசனம் படி, வேண்டாங்கலை. நம்ம வீட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கு. அது எந்த நாட்டுச் சாசனத்துலயும் இருக்காது.”

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். நடுக்கதவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் அவர் நடக்கும் செருப்புச் சத்தம் சீராகக் கேட்டது.

தம்பி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஏழு பேர். நர்ஸம்மா, தையல்காரர், பால் பண்ணைக்காரர் அவர் பக்கம். மூன்று பேர் எதிர்ப் பக்கம். தலைவர் தனக்குத் தானே கை தூக்க முடியாது. மிச்சம் ஒரு விரல் மடங்காமல் நின்றது. அவர் அதைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். சித்தியும் பார்த்தாள்.

“நான் போய்ச் சொல்லட்டுமா சித்தப்பா?”

“வேண்டாம்மா. அண்ணனுக்குத் தெரியாததா? கூட்டத்துல படிப்பாங்கல்ல, கேட்டுக்குவாரு.” பிறகு, பேச்சை மாற்றுகிறவராக, “ரெண்டாவது விஷயம்னு சொன்னியே, அது என்ன?”

“ஒரு நாட்டுப் பார்லிமெண்டுல, இருக்கிறவரை இறக்கணும்னா அடுத்தது யாருன்னு முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் இறக்க முடியும். அதை ஊராட்சிக்கும் எழுதினேன்.”

“பிரமாதம்! புது மோட்டாரைப் பக்கத்துல கொண்டுவந்து வச்சுட்டுப் பழசைக் கழட்டு. இல்லேன்னா வீடு தண்ணியில்லாம கிடக்கும். உனக்கு மெக்கானிக் மூளைடி.”

“அதை வெட்டிட்டாங்க சித்தப்பா. பிரிவு ரொம்ப நீளமா இருக்காம்.”

தம்பி சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு தெருமுனை வரை போகவில்லை.

கூட்டத்தன்று பெரியவர் வழக்கம்போல் முதலில் வந்து, ஜன்னலைப் பார்த்த தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி ஒரு பக்கம் ஆடிக்கொண்டே சுற்றியது. மேஜை மேல் விரித்த பச்சைத் துணியில் பழைய மைக்கறை. நர்ஸம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டாள். தையல்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி, “சிமெண்டு இன்னிக்குப் புதுச் சட்டை போல இருக்கே. நம்ம கடையில தைக்கலை, அதான் தோள்ல தூக்குது” என்றார். பால் பண்ணைக்காரர் மட்டும் சிரித்தார்.

அதிகாரியம்மாவுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்து எடுத்துவிட்டு விதியைப் படித்தாள். அவளுக்கு அந்த ஊரில் யாரும் வேண்டியவர்களும் இல்லை, வேண்டாதவர்களும் இல்லை. ஒருமுறை படித்தாள். புதிய விதி என்பதால் இரண்டாம் முறை பேச்சுவழக்கிலேயே விளக்கினாள்.

“தலைவர் மேல நம்பிக்கை இருக்கிறவங்க மட்டும் கை தூக்கணும். நாலு கை வந்தா அவர் தொடர்வார். வரலைன்னா பதவி காலி. கை தூக்காதவங்க, என்ன காரணத்துக்காகத் தூக்காம இருந்தாலும் சரி, நம்பிக்கை இல்லாதவங்கன்னுதான் கணக்கு. புரிஞ்சுதுங்களா?”

பெரியவருக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தின் மீதியை ஜலதோஷக் குரலில் ஒரு அந்நியப் பெண் சொல்லி முடித்திருந்தாள். அவர் சிமெண்டுக்காரரைப் பார்த்தார். சிமெண்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை. மேஜைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் விதியை முன்பே படித்திருக்கிறார், அன்று சபதத்தைத் தன் வாயிலிருந்து பிடுங்கியதே அதற்காகத்தான் என்பது அவருக்கு அப்போது தெரிந்தது.

“கேள்வியைக் கேக்கறேன். தலைவர் மேல நம்பிக்கை இருக்கிறவங்க கை தூக்கலாம்.”

நர்ஸம்மாவின் கை முதலில் எழுந்தது. பிறகு தையல்காரர். பிறகு பால் பண்ணைக்காரர், முழுக்கையையும் ஆகாயத்துக்குக் குத்துகிற மாதிரி.

சிமெண்டு, மாவு மில், ரேடியோ மூவரும் கைகளை மேஜை மேலேயே கோத்து வைத்திருந்தார்கள். தெரியட்டும் என்று.

பெரியவரின் வலது கை முழங்காலில் இருந்தது. அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். சங்கிலி இழுத்துக் காய்த்த கை. தம்பிக்கு நான்கு வயதில் அம்மை கண்டபோது இரவும் பகலும் விசிறிய கை. அது இப்போது அவருடைய கையாக இல்லாமல் அப்பாவின் கையாக, பங்காளியின் கையாக, அந்த வீட்டில் இதுவரை உட்கார்ந்த எல்லாருடைய கையாகவும் இருந்தது. தூக்கினால் என்ன சொல்வார்கள்? வீட்டுச் சோத்துக் கை. கடைசியில் நாற்காலிக்காக எழும்பிவிட்டது பார், அப்பன் காலத்து வீறாப்பெல்லாம் இவ்வளவுதான். ரேடியோ அதைச் சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் ஒலிபரப்பிவிடுவார்.

“ஐயா” என்றாள் அதிகாரியம்மா, பெரியவரைப் பார்த்து. “நீங்க?”

அப்போது தம்பி தலை நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார். கேட்கிற பார்வையாக அது இல்லை. சிறு பிள்ளையில் மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கிளையில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிடவும் வெட்கப்பட்டு, அண்ணன் தானாக வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பானே, அந்தப் பார்வை. அப்போதெல்லாம் பெரியவர் போயிருக்கிறார்.

“ஐயா, இன்னும் முடிக்கலை. கை தூக்கணும்னா தூக்கலாம்” என்றாள் அதிகாரியம்மா மறுபடியும்.

“பெரியவரே, தூக்கிடுங்க” என்றாள் நர்ஸம்மா. அடக்கமுடியாமல் சொல்லிவிட்டாள். “யாரும் எதுவும் நினைச்சுக்க மாட்டாங்க.”

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் ஒருவர் சொல்லி இன்னொருவர் செய்கிற காரியம் அந்த வீட்டில் நடந்ததில்லை. பெரியவரின் முதுகு இன்னும் நேரானது. ஜன்னலுக்கு வெளியே, தம்பி தோண்ட வைத்த பள்ளத்தின் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“மூணு கை” என்றாள் அதிகாரியம்மா. எழுத்தர் எழுதினார். தம்பி எழுந்து நாற்காலியை மேஜையோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, பையிலிருந்து விழுந்த ஸ்குரூ டிரைவரைக் குனிந்து எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

சூடு ஆறும் முன்பே சிமெண்டுக்காரர் பெரியவர் பக்கம் திரும்பினார். “அடுத்த தலைவரா நீங்களே இருங்களேன் பெரியவரே. எங்க மூணு கையும் உங்களுக்குத்தான். உங்க கை ஒண்ணு சேந்தா போதும்.”

பெரியவர் அன்றே உறுப்பினர் பதவியை விட்டு விலகுவதாக எழுத்தரிடம் தாள் வாங்கி எழுதிக் கொடுத்தார். தம்பியை இறக்கியது நாற்காலிக்காகத்தான் என்று பிறகு பேசியவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

அன்று மத்தியானம் நடுக்கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் சாப்பிட வரச்சொல்லிக் குரல் வரவில்லை. தம்பி மனைவி தட்டை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்து, அங்கிருந்த ஸ்டூலின் மேல் வைத்து மூடிவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே. உப்பு, காரம் எதுவும் குறையவில்லை. அவர் ஒருநாள், “ஏம்மா, நான் அங்க வந்தே சாப்பிடறேனே” என்றார்.

“வாங்க மாமா. உங்க வீடுதானே” என்றாள் அவள். சொன்ன முகத்தைப் பார்த்துவிட்டு அவர் போகவில்லை.

தம்பியைக் கடையில் போய்ப் பார்த்தார். அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல” என்றார் பெரியவர்.

தம்பி கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “கேட்டிருந்தா தூக்கியிருப்பீங்களாண்ணே?”

பெரியவர் பொய் சொல்லிப் பழகாதவர். செம்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதான் கேக்கலை” என்றார் தம்பி. “இல்லைன்னு உங்க வாயால சொல்லிக் கேக்க வேண்டாம்னு இருந்தேன். டீ சொல்லட்டுமா?”

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள்.

மகள் கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். அப்பாவோடு சண்டை போடுவாள் என்று சித்தி பயந்தாள். அவள் போடவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து, வாசலில் கழற்ற மறந்துவிட்ட தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“தாத்தா காலத்துல கையைக் கீழே வச்சா யாருக்கும் எதுவும் ஆகலைப்பா. பழைய விதி அப்படி இருந்துச்சு. நம்ம மானத்தை அந்த விதி சுமந்துக்கிட்டே வந்திருக்கு, நமக்கே தெரியாம. நான்தான் அதை மாத்தினேன். அத்தனை நாட்டையும் ஒப்பிட்டுப் பாத்தேன். நம்ம வீட்டை வச்சு ஒரு தடவை பாக்கலை.”

“நீ எழுதினது சரிதான்” என்றார் பெரியவர்.

“சரிதான்பா. அதான் கஷ்டமா இருக்கு.”

அந்த அறிக்கை அதற்குப் பிறகு முன்னறையில் கிடக்கவில்லை. எடுத்து உள்ளே வைத்தது மகளா அப்பாவா என்று சொல்வதற்கில்லை.

தம்பியும் விலகிக்கொள்ள, சபையில் மிஞ்சியது ஆறு பேர். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எத்தனை கூட்டம் போட்டும் தலைவர் தேறவில்லை. அடுத்தவர் யார் என்று முதலில் முடிவு செய் என்ற வரியைக் குழு வெட்டியிருந்ததே, அது இருந்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது. கடைசியில் மண்டல அலுவலகமே ஊராட்சியை எடுத்துக்கொண்டது. ஜலதோஷக்கார அதிகாரியம்மா வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கு இன்னும் பல ஊர்கள் இருந்தன. குழாய் வேலை நின்றது. பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. கடைசித் தெருப் பெண்கள் பழையபடி குடத்தோடு நடந்தார்கள். பெரியவர் வீட்டைத் தாண்டும்போது அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வது அவருக்குக் கேட்கும்.

சிமெண்டுக்காரருக்கும் நாற்காலி கிடைக்கவில்லை, கடைவீதிக்கும் தண்ணீர் வரவில்லை. “இப்படி ஆகும்னு நான் நினைக்கலை” என்று அவர் தையல்காரரிடம் சொன்னாராம். “சட்டையும் நீ அப்படித்தான்யா, அளவு பாக்காம வாங்கினே” என்றாராம் தையல்காரர்.

வெயில் காலம் தொடங்கும் முன் தம்பி கடையை மூடினார். வெளியூரில் இருந்த மகன் வீட்டோடு போய் இருப்பதாக ஏற்பாடு. “அவனுக்கும் துணையா இருக்கும்ணே” என்றார். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது தம்பி மனைவி சமையலறைக்கு அவரைக் கூப்பிட்டு, அடுப்பு எப்படிப் பற்றவைப்பது, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவள், “உடம்பைப் பாத்துக்குங்க மாமா” என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். அவள் எதற்காக அழுதாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்காக இல்லை.

தம்பி வண்டியில் ஏறும் முன் அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பெரியவர் வலது கையைத் தூக்கி அவர் தலைமேல் வைத்தார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ரேடியோகூட ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

வண்டி போன பிறகு பெரியவர் வீட்டுக்குள் வந்து நடுக்கதவின் முன் நின்றார். அந்தப் பக்கம் காலி வீடு. தாழ்ப்பாள் அவர் பக்கத்தில்தான் இருந்தது. வெகுநாள் தொடாததால் துரு ஏறியிருந்தது. அவர் அதைப் போடவில்லை. காற்றில் அந்தக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தார் சொல்லியும் அவர் போடவில்லை.

இப்போதும் டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. பெரியவர்தான் கையைத் தூக்கிச் சொந்தத் தம்பியைக் கவிழ்த்தார் என்று. அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று மேலே சொல்லியாகிவிட்டது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பெரியவர் கையைத் தூக்கவில்லை. அது கடைசிவரை மேஜைக்குக் கீழே, அவர் முழங்காலின் மேல்தான் இருந்தது.